ஆவாரைக்கு யார் விதை போட்டார்கள்?

சென்ற மாதம் எழுதிய கட்டுரை ஒன்றில், போகிற போக்கில், என் வீட்டு வாசலில் ஆவாரஞ்செடி ஒன்றை விதை போட்டு வளர்த்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். எழுதியது ஒரு வரி. வந்த வசவு மூன்று பக்கம். கடிதம் எழுதிய அன்பர் நம் பக்கத்துக்காரர்தான் என்பது அவர் நடையிலேயே தெரிகிறது. அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்: "ஆவாரைக்கு யாரய்யா விதை போட்டார்கள்? மழைக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? கரட்டிலும் ரோட்டோரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கிற செடிக்குத் தொட்டி கட்டி, விதை ஊறப் போட்டு, அதை ஒரு பெருமையாகப் பத்திரிகையிலும் எழுத உமக்கு வெட்கமாக இல்லையா? நாவல் எழுதுகிறவர் நாவலோடு நிற்பது நல்லது."

நாவலோடு நிற்பது நல்லதுதான். ஆனால் இந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஆவாரைக்கு யார் விதை போட்டார்கள்? யாரும் போடவில்லை. அதுதான் ஐயா என் புகாரே!

வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. பரமத்தி வேலூர் என்று ஒரே மூச்சில் சொல்கிறார்களே தவிர, பரமத்தி வேறு, வேலூர் வேறு. வேலூர் காவிரிக்கரை ஊர். ஜேடர்பாளையத்திலிருந்து வருகிற ராஜ வாய்க்கால் பாய்ந்து வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தென்னையும் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சையாக நிற்கும். வாய்க்காலை விட்டு வடக்கே பரமத்தி, கபிலர்மலைப் பக்கம் சிறிது தூரம் நடந்தால் போதும், பச்சை பட்டென்று நின்றுவிடும். அப்புறம் எல்லாம் மேட்டாங்காடு. செம்மண், சரளை, வானத்தை நம்பிய சோளம், வேலியோரத்தில் ஊணாங்கொடி. ஆவாரை இந்த இரண்டாவது உலகத்துக் குடி. வாய்க்கால்காரனுக்கு அது ஒரு களை. மேட்டாங்காட்டுக்காரனுக்கு அது பொங்கல்.

பொங்கல் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. கொங்கு நாட்டில் போகியன்று மாலை காப்புக் கட்டாத வீடு கிடையாது. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாக்கி, வாசல் நிலையிலும் எரவாணத்திலும் செருகுவார்கள். கட்டுத்தறியில், கிணற்றில், களத்தில், காட்டில், பிள்ளைக்குக் கார் வாங்கியிருந்தால் காரிலும் கட்டுவார்கள். கட்டின பிறகுதான் பண்டிகை. இதில் இன்னொரு விசேஷம் உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன அல்லவா? அந்த வரிசையில் ஆவிரையும் பூளையும் அக்கம் பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. காதல் கைகூடாமல் மடலேறத் துணிகிற சங்க காலத்து இளைஞனும் ஆவிரையையும் எருக்கையும் பூளையையும்தான் சூடிக்கொண்டு தெருவுக்கு வருகிறான். நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கபிலர்மலை கபில முனிவர் பெயரால் வந்தது என்பது ஊர்க் கதை. ஆனாலும் தமிழ் படித்தவன் அந்த மலையடியில் ஆவாரை பூத்திருப்பதைப் பார்த்தால் முனிவரையா நினைப்பான்? புலவரைத்தான் நினைப்பான்.

இப்படிப்பட்ட பூவை மூன்று வருஷங்களுக்கு முன்பு நான் கடைவீதியில் விலை கொடுத்து வாங்கினேன்.

அதற்கு முந்திய வருஷம் வரை சைக்கிளை எடுத்துக்கொண்டு பரமத்தி ரோட்டில் போய், ஒரு குறிப்பிட்ட இட்டேரியில் ஒடித்துக்கொண்டு வருவது வழக்கம். அந்த வருஷம் போனபோது இட்டேரியே இல்லை. பொக்லைன் ஓட்டி மட்டமாக்கி, வெள்ளைக் கல் நட்டு, மனைப் பிரிவு என்று பலகை வைத்துவிட்டார்கள். பலகைக்குக் காவலாக ஒரு சீமைக்கருவேல மட்டும் நின்றது. அதை மட்டும் எந்த இயந்திரத்தாலும் ஒழிக்க முடிவதில்லை என்பது ஒரு தனிக் கதை. திரும்பி வருகிற வழியில், கடைவீதியில் ஒரு அம்மாள் காப்புக் கட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கட்டு இருபது ரூபாய். நாலு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் தாயாருக்குக் கண் பார்வை போய்ப் பல வருஷங்களாகின்றன. ஆனாலும் காப்புக் கொத்தைப் பிரித்துக் கட்டுவது அவள் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தாள். வேம்பு சரி. பூளை சரி. மூன்றாவதைத் தடவினவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணு, இது ஆவாரையில்லியே."

"மஞ்சப் பூதானம்மா. நல்லாத்தான் இருக்குது."

"மஞ்சளா இருந்தா ஆயிப் போச்சா? காதக் காணோமே. ஆவாரைன்னா எலைக்கு அடியில காது இருக்கோணும்."

வாங்கிப் பார்த்தேன். வாஸ்தவம்தான். சாலை ஓரங்களில் நிழலுக்கென்று நட்டிருக்கிற மஞ்சள் கொன்றை வகை ஒன்றின் கிளை அது. பூவும் மஞ்சள்தான், இலையும் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவாரை இலைக் காம்பு தண்டோடு சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் சின்னக் குழந்தையின் காது மடல் மாதிரி வட்டமாக இரண்டு இலைத் துண்டுகள் இருக்குமே, அவை இதில் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. என்னிடமிருந்த தாவரப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஆவாரைக்கு ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் காஸியா ஆரிகுலாட்டா. இப்போது பேரினப் பெயரை மாற்றி சென்னா ஆரிகுலாட்டா என்கிறார்கள். ஆரிகுலாட்டா என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? காதுள்ளது! உலகத்துச் செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டின மகா பண்டிதர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்ததை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் தாயார் கண்ணில்லாமல் விரலால் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் போகியன்று எங்கள் வீட்டு நிலையில் வேம்பும் பூளையும் மட்டும்தான் ஏறின. "இல்லாததுக்கு இருக்கறது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். போனவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கடிதம் எழுதிய அன்பரே, விதை போட வேண்டும் என்ற வெட்கங்கெட்ட எண்ணம் எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதைத்தான். நர்சரிக்குப் போனேன். பெயர் வேண்டாம்; எல்லா நர்சரியும் ஒன்றுதான். பாலைவன ரோஜா என்று ஒன்று, அடி பருத்துச் சட்டியிலிருந்து பிதுங்கிக்கொண்டு, முந்நூறு ரூபாய் விலை போட்டிருந்தது. பெயர் வாயில் நுழையாத பூச்செடிகள் வரிசை வரிசையாக இருந்தன. "ஆவாரை இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் ஆருங்க வாங்குவாங்க? ரோட்டோரம் கெடக்கற செடிக்கு ஆரு காசு குடுப்பா?" என்றார். கடைவீதியில் அதன் பொய்யான தங்கைக்கு எண்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தவன் அவர் எதிரே நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. "வெதை போட்டாலும் மொளைக்காதுங்க" என்று உபரியாக ஒரு சாபமும் கொடுத்து அனுப்பினார்.

மாசி மாதம் முற்றின காய் தேடிப் போனேன். பரமத்திக்கு அப்பால், ஒரு குவாரிப் பாதையில் நாலு செடி அகப்பட்டது. ஆவாரைக் காய் சப்பட்டையாக, காய்ந்த பிறகு பழுப்புக் காகிதம் போல இருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து விதைகள், ஒவ்வொன்றும் தனித் தனி அறையில் படுத்திருக்கும். இரண்டு கை நிறையக் கொண்டுவந்து, ஆடியில் முப்பது விதையைப் பொறுக்கிப் போட்டேன். எருவும் மண்ணும் கலந்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, குழந்தையைப் போல் கவனித்தேன். முப்பதில் முளைத்தது இரண்டு. அந்த இரண்டில் ஒன்று என் கவனிப்புத் தாங்காமல் அடித்தண்டு அழுகிச் செத்தது. நர்சரிக்காரர் வாக்குப் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

குறை விதையில் இல்லை, என்னிடம்தான். ஆவாரை விதையின் தோல் தண்ணீர் புகாத தோல். மணலில் ஒரு மாதம் ஈரத்தோடு கிடந்தாலும் உள்ளே ஒரு சொட்டுப் போகாது. இது செடியின் மூர்க்கம் அல்ல, மேட்டாங்காட்டுப் புத்தி. சித்திரையில் ஒரு கோடை மழை ஏமாற்றிவிட்டுப் போகும். அதை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் வைகாசி வெயிலில் வம்சமே கருகிவிடும். ஆகவே சிலது இந்த வருஷம், சிலது அடுத்த வருஷம், சிலது அதற்கும் அடுத்த வருஷம் என்று தோல் தேயத் தேய முளைக்கும். உள்ள பணத்தையெல்லாம் ஒரே வெள்ளாமையில் போடாத பழைய பண்ணையக்காரரைப் போல. காட்டில் மணலும் வெயிலும் நாள்பட்டுச் செய்கிற அந்தத் தேய்ப்பு வேலையை வீட்டில் நாம் செய்துவிட்டால், விதை சொன்னபடி கேட்கும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, உப்புத்தாளில் விதையின் முதுகை மெதுவாக இரண்டு இழுப்பு இழுப்பது. மூக்குப் பக்கம் கை வைக்கக்கூடாது, முளை அங்கேதான் இருக்கிறது. மற்றொன்று, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை விட்டு இறக்கி, கொதிப்பு அடங்கின பிறகு விதையைப் போட்டு ராத்திரி முழுவதும் விட்டுவிடுவது. அடுப்பின் மேலேயே போட்டுச் சுண்டல் செய்துவிடாதீர்கள். காலையில் பார்த்தால் ஊறினவை ஒன்றுக்கு இரண்டாகப் பருத்திருக்கும், அவற்றை நடலாம். பருக்காதவற்றுக்கு மறுபடி வெந்நீர். எந்த வழியானாலும் முதலில் காய்ந்த விதையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் மிதப்பவை, வண்டு துளைத்து உள்ளே காலி செய்தவை. காயிலேயே வண்டு முட்டை வைத்துவிடுகிறது. பொறுக்குகிற போதே பொட்டுத் துளை தெரிந்தால் எறிந்துவிட வேண்டியதுதான்.

ஆவணியில் மறுபடி முப்பது போட்டேன். பத்தொன்பது முளைத்தது.

நட்ட விஷயத்தில் இன்னும் ஒரு புத்தி வாங்கினேன். இந்தச் செடி மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே ஆணிவேரை அதைவிட ஆழமாக இறக்கிவிடுகிறது. பிஞ்சுச் சட்டியில் வளர்த்துப் பிறகு பிடுங்கி நடுவது என்பது அதன் கழுத்தை முறிப்பதுதான். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே அரை அங்குல ஆழத்தில் விதையை ஊன்றிவிட வேண்டும். மண் செம்மண் சரளையாக இருந்தால் உத்தமம். எரு வேண்டாம். தினமும் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; மேல் மண் காய்ந்த பிறகு கொஞ்சம், வேர் இறங்கின பிறகு அதுவும் இல்லை. வெயில் மட்டும் நாள் முழுதும் வேண்டும். வாசலில் மண்ணே இல்லாமல் சிமெண்ட் பூசிக்கொண்டவர்கள், பெயிண்ட் வாளி காலியானதும் எறியாமல், அடியில் நாலு துளை போட்டு மாடியில் வைக்கலாம். குள்ளமாகத்தான் வளரும்; குள்ளமாக இருந்தாலும் பூக்கும்.

இதைச் சொன்னால் எத்தனை தடைகள் வருகின்றன! பங்காளி ஒருவர், "காட்டுச் செடி வீட்டுக்கு ஆகாதப்பா" என்றார். போகியன்று நிலைப்படியின் நெற்றியில் கட்ட ஆகுமாம், நிலைப்படிக்கு வெளியே மண்ணில் நிற்க ஆகாதாம். இதென்ன நியாயம்? அடுத்தவர் பூச்சி வரும் என்றார். வரத்தான் வரும். மஞ்சளும் வெளிர் பச்சையுமாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சிகள் இந்த இனத்துச் செடிகளில்தான் முட்டையிடுகின்றன. பச்சைப் புழு கொஞ்சம் இலையைத் தின்னும். பத்து நாளில் செடி துளிர்த்துவிடும். ஆடு தொடாத இலை இது. புழுவாவது தின்றுவிட்டுப் போகட்டுமே.

பூச்சியைப் பற்றிப் பேசினதால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் உண்டு, ஆனால் அது மற்றப் பூக்களைப் போலத் தூசியாக உதிர்ந்து கிடப்பதில்லை. பைக்குள் அடைபட்டு நுனியில் ஊசித் துளை மட்டும் விட்டிருக்கும். பெரிய கருவண்டு, விட்டத்தைத் துளைக்கிறதே அதே வண்டு, வந்து பூவைக் கட்டிக்கொண்டு, சிறகை ஓட்டாமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். 'ஞொய்' என்று ஒரு சத்தம். அந்த அதிர்ச்சியில் மகரந்தம் துளை வழியாகக் கொட்டும். என் தாயார் காலையில் திண்ணையில் உட்கார்ந்து இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், "இன்னைக்குப் பூ அதிகம் போல இருக்குது" என்று சொல்கிறாள். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

தடைகளில் பெரிய தடை, அன்பர் எழுதின தடைதான்: தானாக முளைக்கிறது, விதைப்பானேன்? இதே வேலூரில் ஒரு கொடிக்காலுக்குள் போய்ப் பாருங்கள். வெற்றிலைக் கொடி எதன்மேல் ஏறியிருக்கிறது? அகத்தியின்மேல். அந்த அகத்தி நர்சரியில் வாங்கினதா? வரிசை பிடித்து ஆயிரக் கணக்கில் விதை ஊன்றி வளர்த்தது. தலைமுறை தலைமுறையாக அகத்தியை விதைத்து, அதன் தோளில் கொடியை ஏற்றி, அந்த வெற்றிலையில் வீடு கட்டின ஜனங்கள் நாம். ஒரு பூஞ்செடியை விதையிலிருந்து எழுப்புவது நமக்குத் தெரியாத வித்தையல்ல. காசு வருகிற செடிக்கு விதை போடுவோம். சாமிக்குப் போகிற செடி தானாக முளைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான்.

தானாக முளைக்கிறது என்பதும் முழு உண்மையல்ல. காய் முற்றி வெடித்து விதை மண்ணில் விழுந்தால் முளைக்கும். மார்கழிக் கடைசியில் நாம் என்ன செய்கிறோம்? பூவை மட்டுமா பறிக்கிறோம்? பூவும் பிஞ்சும் இருக்கிற கிளையை முழங்கையளவுக்கு ஒடிக்கிறோம். ஊர் முழுவதும் ஒரே நாளில், வண்டி வண்டியாக. அந்தக் கிளையில் மாசியில் முற்ற வேண்டிய விதை தை முதல் தேதி நம் எரவாணத்தில் வாடிக்கொண்டிருக்கிறது. நியாயத்தைச் சொல்ல வேண்டும்: ஒடிப்பதால் மட்டும் ஆவாரை செத்துவிடாது. வெட்டினால் தழைக்கிற சாதி அது. முன்னாட்களில் பட்டைக்காக அதை அடியோடு வெட்டினார்கள். மறுபடி எழுந்து நின்றது. அது எழுந்து நிற்க முடியாதது பொக்லைனுக்கு முன்னால்தான். சாலை அகலப்படுத்துகிற இயந்திரத்துக்கும், வரப்பில் அடிக்கிற களைக்கொல்லிக்கும் முன்னால்தான். நின்ற செடி போய்விட்டது; விழுந்திருக்க வேண்டிய விதையை நாம் நிலையில் கட்டிவிட்டோம். பிறகு தானாக எங்கிருந்து முளைக்கும்?

பட்டை என்றேன். இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் தாய் ஆவாரம்பட்டைதான். அதில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு துவர்ப்புச் சத்து. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரில் போட்டு, கடுக்காயில் முடித்து, கப்பலேற்றினார்கள். ஏழைக் குடும்பங்கள் கரட்டில் பட்டை உரித்துக் கட்டிச் சுமந்து விற்றுக் கஞ்சி குடித்தன. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வேட்டில் மரப்பட்டை மலிவாக வந்தது. அதன் பிறகு குரோமிய உப்பு வந்தது. உப்பு வந்து பாலாறு என்ன ஆயிற்று என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றமே விவரமாக எழுதி வைத்திருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்ததும் வேலூர்க்காரர்கள்தான். ஆனால் அது பாலாற்றங்கரை வேலூர், இது காவிரிக்கரை வேலூர்.

சரி, பட்டை போனதால் ஆவாரை பிழைத்ததா என்றால், இப்போது பொடி வந்திருக்கிறது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை அச்சடித்து, சர்க்கரை நோய்க்குக் கைகண்டது என்று பொட்டலம் விற்கிறார்கள். இலங்கையில் ரணவரா என்று இதன் பூவைத் தேநீராகக் காய்ச்சிக் குடிப்பது வெகு நாள் வழக்கம், குடிக்கட்டும். வைத்தியம் பேச எனக்குத் தகுதி இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் பொட்டலத்தை நம்பி ஊசியை நிறுத்தவேண்டாம் என்பதோடு விடுகிறேன். என் கேள்வி வேறு. ஆவாரைப் பஞ்சாங்கம் என்று விற்கிறார்களே, பஞ்சாங்கம் என்றால் பூ, இலை, பட்டை, காய், வேர் ஐந்தும். வேர் என்றால் செடி தீர்ந்தது என்று அர்த்தம். பொட்டலம் வாங்குகிறவர்களில் ஒருவராவது ஒரு விதையை ஊன்றியிருக்கிறாரா? பழமொழியை மட்டும் ஊன்றிக்கொண்டிருக்கிறோம்.

விதை போடுவதில் நாம் காட்டிய புத்திசாலித்தனத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். ஆவாரைக்குத் தூரத்து உறவான ஒரு மரம், சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்று பெயர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பூ மஞ்சளாக வெகு அழகு. அழகுக்கும் நிழலுக்கும் விறகுக்கும் ஆகுமென்று கொண்டுவந்து வளர்த்தார்கள். இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது புகுந்து, அடியில் ஒரு புல் முளைக்காமல் செய்து, யானைக்கும் மானுக்கும் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. வேலூர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் புகளூர்ப் பக்கம். அங்கே இருக்கிற அரசாங்கக் காகித ஆலை இந்த மரத்தை வெட்டிக்கொண்டு வந்து கூழாக்குவதென்று ஏற்பாடாகியிருக்கிறது. கடல் கடந்த மஞ்சளை நாம் விதை போட்டு வளர்த்தோம். பிறகு ஒழிக்கப் பணம் செலவழிக்கிறோம். கபிலர் காலத்திலிருந்து நம்மோடு இருக்கிற மஞ்சளுக்கு விதை போட்டால் வெட்கங்கெட்ட வேலை என்று மூன்று பக்கக் கடிதம்!

தெலங்கானா மாநிலம் 2014-இல் பிறந்ததும் முதல் காரியங்களில் ஒன்றாக இதே செடியின் பூவைத்தான் மாநிலப் பூவாக வைத்துக்கொண்டார்கள். தங்கேடு என்கிறார்கள். பதுக்கம்மா பண்டிகையில் பூ அடுக்குவதற்கு அதுதான் முக்கியம். நமக்குச் செங்காந்தள் இருக்கிறது, பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பட்டம் கட்டினால் மட்டும் பூ பெருகிவிடாது என்பதை அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அரசாங்கம் நடட்டும், வனத்துறை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். செய்தால் சந்தோஷம். ஆனால் காப்பு அரசாங்கத்தின் நிலையிலா கட்டுகிறோம்? வேலூரிலும் பரமத்தியிலும் பாண்டமங்கலத்திலும் பொத்தனூரிலும் உள்ள வீடுகளில் பத்துக்கு ஒரு வீட்டில் ஒரு செடி நின்றால் போதும், போகியன்று யாரும் குவாரிப் பாதைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு செடியில் ஒடிக்கிற நாலு கொத்து, பத்து வீட்டுக்குக் காம்பு காம்பாகப் பங்கிட்டாலும் காணும். முன்பெல்லாம் மோர் கொடுத்து வாங்கிக்கொண்டது போல, இதையும் கொடுத்து வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

பத்தொன்பதில் வாசலுக்கு ஒன்றும் கொல்லைக்கு இரண்டும் வைத்துக்கொண்டேன். சிலதைத் தெருக்காரர்கள் வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டு போனார்கள். முன்பே சொன்ன ஆணிவேர் சங்கதியால் அவற்றில் பாதி பிழைக்கவில்லை. அது என் முட்டாள்தனம். விதையாகவே கொடுத்திருக்க வேண்டும். வாசல் செடி மறு மார்கழியில், பதினாறு மாத வயசில், பூத்தது. அதிகமில்லை, ஏழெட்டுக் கொத்து. போகியன்று நாலு காம்பு மட்டும், பிஞ்சில்லாத காம்பாகப் பார்த்து, நறுக்கிக் கொண்டுபோய்த் தாயார் மடியில் வைத்தேன். அவள் பூவைத் தொடவில்லை. நேராக இலைக் காம்பின் அடிக்கு விரலைக் கொண்டுபோனாள். இரண்டு பக்கமும் தடவினாள். "இருக்குது" என்றாள். பிறகு வேம்பை எடு, பூளையை எடு, நூலை எங்கே வைத்தாய் என்று அதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அன்பரின் கடிதத்துக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை. இந்த வருஷத்துக் காயிலிருந்து பதினொரு விதையைப் பொறுக்கி, தண்ணீரில் போட்டு மிதக்காதவை என்று பார்த்து, உலர்த்தி, உறையில் வைத்து அவர் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கூடவே உப்புத்தாளும் ஒரு துண்டு.